வண்டியைக் கண்டு ஆளை எடை போடுவதா?

மதுரையிலிருந்து தேனி நோக்கிச் செல்லும் பெருவழியில், பல்கலைக் கழகத்தை எட்டுமுன் வருவது நாகமலை புதுக்கோட்டை. சிற்றூராக இருந்தது, 1966-இல் பல்கலைக் கழகம் தோன்றிய பின்னர் வளர்ந்து, ஆசிரியரும் அலுவலரும், ஓய்வு பெற்றோரும் ஒப்பந்தக்காரரும், கடைக்காரரும் கட்டட வேலைக்குச் செல்வோரும் அடுத்தடுத்து வாழும் குடியிருப்பாகிவிட்டது. அங்கே மாலை வேளையில் ஒரு தெருவழி நடந்து பாருங்கள். வாசல்தோறும் ஒரு வண்டி நிற்கிறது, அல்லது நிற்காமலிருக்கிறது. நின்றாலும் ஒரு தீர்ப்பு, நிற்காவிடினும் ஒரு தீர்ப்பு! "பெரிய கார் நிற்கிறதே, பசையுள்ள ஆசாமிதான்" என்கிறார் ஒருவர். "பதினைந்து ஆண்டாக அதே பழைய மாருதியை உருட்டுகிறாரே, கஞ்சனோ, கடன்காரனோ!" என்கிறார் மற்றொருவர். வழக்கு இல்லை, சாட்சி இல்லை, விசாரணை இல்லை. தீர்ப்பு மட்டும் உண்டு.

நாகமலை புதுக்கோட்டையில் மட்டுந்தானா இது? நாடெங்கும் நடப்பதே. பெண் கேட்டு வருவோர் மாப்பிள்ளையின் குணத்தைக் கேட்குமுன் காரின் பெயரைக் கேட்கிறார்கள். வட்டிக்குக் கொடுப்பவர் வாசலைப் பார்த்துத் தொகையை நிர்ணயிக்கிறார். திருவிழாவுக்கு நன்கொடைப் புத்தகம் நீட்டுவோர் வண்டியின் நீளத்திற்கேற்பப் புள்ளியை எழுதி வைத்துக்கொண்டே கதவைத் தட்டுகிறார்கள். இவர்களையெல்லாம் விட்டுவிடலாம், அவரவர் தொழில் அவரவருக்கு. பொதுவாழ்விலே ஈடுபட்டிருக்கும் நாமும், தோழர்களே, அதே கோலைக் கையில் எடுத்திருக்கிறோமே, அதைப்பற்றித்தான் இந்த ஞாயிறன்று பேச வேண்டியிருக்கிறது.

ஊர்தியைக் கொண்டு மனிதனை அளக்கும் பழக்கம் மோட்டார் வந்த பிறகு முளைத்ததன்று. வள்ளுவர் காலத்திலேயே அது இருந்தது. சிவிகையைச் சுமப்பவனையும் அதன்மீது அமர்ந்து செல்பவனையும் குறித்து அறத்துப்பாலில் ஒரு குறள் உண்டு; கற்றோர் அறிவர். அதற்குப் பரிமேலழகர் கண்ட பொருள் என்ன? அறத்தின் பயனை நூல் கொண்டு நிறுவ வேண்டுவதில்லை, சுமப்பவனையும் ஊர்பவனையும் பார்த்தாலே விளங்கும் என்பது. அதாவது, பல்லக்கில் இருப்பவன் முன்பு அறம் செய்தவன். தோள் கொடுப்பவன் செய்யாதவன்! பிற்காலத்து உரைகாரர் சிலர் இதனை ஏற்றாரில்லை. மேலே இருப்பவனையும் கீழே இருப்பவனையும் காட்டி, இதுதான் அறத்தின் வழி என்று சொல்ல வேண்டா என்பதே வள்ளுவர் உள்ளம் என்று அவர்கள் பொருள் கண்டனர். ஒரே குறள், ஒன்றுக்கொன்று எதிரான இரு உரை. ஊர்தியே ஒருவனுடைய நன்னடத்தைச் சான்றிதழ் ஆகுமா என்ற வழக்குத் தமிழ்நாட்டிலே எத்தனை பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

வெளித்தோற்றத்தைக் கொண்டு கதை கட்டும் கலைக்கு நாகமலையே ஓர் எடுத்துக்காட்டு. நெடிது நீண்டு கிடக்கும் அம்மலை பாம்பு போல் தோன்றுகிறது. உடனே ஒரு புராணம் பிறந்தது: மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய நாகமே கல்லாய்ச் சமைந்து கிடக்கிறதென்று. யானைமலைக்கும் பசுமலைக்கும் அவ்வாறே கதை. ஆனால் அதே பகுதியிலுள்ள கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குப் போய்ப் பார்ப்பவர் கண்ணில் படுவது என்ன? செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, அமைதியே உருவாய் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்கள். மலையின் வடிவம் ஒரு பழியைச் சுமத்திற்று. மலையின் உள்ளே இருப்பது வேறு செய்தி சொல்கிறது. பழி பரவிய அளவுக்கு அந்தச் செய்தி பரவவில்லை.

மோட்டார் கார் ஒரு காலத்தில் ஓரளவு உண்மை பேசியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு என்று விரல்விட்டு எண்ணத்தக்க வகைகளே நாட்டில் ஓடின. உற்பத்திக்கு உரிமம், வாங்குவதற்குப் பதிவு, பதிந்தபின் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. கடன் கொடுத்துக் கார் வாங்கச் சொல்லும் ஏற்பாடு அன்று பெரிதாக இல்லை. ஆகவே கார் வைத்திருந்தவர் பெரும்பாலும் கையில் பணமுள்ளவராகவே இருந்தார். வெள்ளை அம்பாசிடர் வந்தால் அதிகாரம் வருகிறது என்று சிற்றூர்ச் சிறுவனும் அறிவான். 1983 டிசம்பரில் மாருதி வந்தது, பிறகு வங்கிகள் வந்தன, தவணை வந்தது, பழைய வண்டி விற்கும் சந்தை வந்தது. அம்பாசிடர் உற்பத்தியும் 2014-இல் நின்றது. வண்டியின் பொருள் மாறிவிட்டது. நம் கண் மட்டும் அம்பாசிடர் காலத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

இன்று வாசலில் நிற்கும் புதிய கார் எதைக் காட்டுகிறது? வருமானத்தையா? இல்லை; மாதந்தோறும் கட்டவேண்டிய தவணையைக் காட்டுகிறது. அதன் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினால், கடன் தீரும் வரை, உரிமையாளர் பெயரோடு நிதி நிறுவனத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். சட்டத்தின் கண்ணில் அந்த வண்டிக்கு இரண்டு சொந்தக்காரர் போல! தெருவில் போகிறவர் கண்ணுக்கோ ஒருவர்தான் தெரிகிறார். செல்வமாகக் காட்சியளிப்பது கடனாக இருக்கலாம். வறுமையாகக் காட்சியளிப்பது சிக்கனமாக இருக்கலாம். இரண்டில் எது என்பதைத் தகரமும் வர்ணமும் சொல்வதில்லை.

இந்த நாட்டின் பிரதமர் ஒருவரே இதற்குச் சாட்சி. லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது குடும்பத்தார் விருப்பத்திற்கிணங்கி ஒரு பியட் கார் வாங்கினார். விலை 12,000 ரூபாய். கையிலே இருந்தது 7,000. எஞ்சிய 5,000-ஐப் பஞ்சாப் தேசிய வங்கியில் கடனாகப் பெற்றார். 1966 சனவரியில் தாஷ்கண்டில் அவர் மறைந்தபோது கடன் தீர்ந்திருக்கவில்லை. துணைவியார் லலிதா சாஸ்திரி தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அதனைக் கட்டி முடித்தார். அந்தக் கார் வாசலில் நின்ற நாளில், "பிரதமர் வீட்டில் புதுக் கார் பார்த்தாயா?" என்று எவரேனும் கண் சிமிட்டியிருந்தால், அவர் எத்தனை பெரிய அநியாயத்தைச் செய்தவராவார்!

தொலைவுக்குச் செல்வானேன்? மதுரை மாவட்டத்து மேலூரை அடுத்த தும்பைப்பட்டி தந்த கக்கன் அவர்களை எடுத்துக்கொள்வோம். பத்தாண்டுக் காலம் அமைச்சர். உள்துறையே அவர் கையில் இருந்தது. 1967-இல் பதவி போயிற்று. அதன்பின் பேருந்திலே பயணம், எளிய வாழ்வு, முடிவில் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் படுக்கை. முதல்வராயிருந்த எம்.ஜி.ஆர். அங்கே வேறொருவரைக் காண வந்தபோது, முன்னாள் உள்துறை அமைச்சர் அந்நிலையில் இருப்பதறிந்து திடுக்கிட்டார் என்பது நாடறிந்த செய்தி. நம் காலத்திலேயே, மதுரை கிழக்குத் தொகுதியில் 2001-லும் 2006-லும் வென்ற தோழர் நன்மாறன் இருந்தார். நகரப் பேருந்தும் பகிர்வு ஆட்டோவுமே அவர் ஊர்தி; வாடகை வீடே இல்லம். இருமுறை சட்டமன்றம் சென்ற அவர், 2021-இல் இலவச வீடு கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனுக்கொடுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் மறைந்தார். கட்சி எதுவாயினும் இவர்களுக்குத் தலை வணங்குவோம். ஆனால் எதற்காக வணங்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பேருந்தில் ஏறியதற்காக அல்ல. பொதுப்பணத்திற்கும் தம் பணத்திற்கும் இடையே கிழித்த கோட்டைத் தாண்டாததற்காக. அந்தக் கோட்டைத் தாண்டாதவர் காரில் சென்றாலும் வணக்கத்துக்குரியவரே. அதைத் தாண்டியவர் கட்டை வண்டியில் வந்தாலும் கணக்குக் கேட்கப்பட வேண்டியவரே.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறோமென்றால், எளிய ஊர்தியைக் கண்டு ஏமாறுவதும் ஏமாற்றந்தான். சுவீடன் நாட்டு ஐக்கியா நிறுவனத்தை உண்டாக்கிய இங்வார் காம்ப்ராட் உலகப் பெருஞ்செல்வருள் ஒருவர். பழைய வால்வோ காரை ஆண்டுக்கணக்கில் ஓட்டினார் என்று உலகப் பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. அதே மனிதர் தம் தாய்நாட்டு வரியிலிருந்து விலகி நெடுங்காலம் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தார். இளமையில் அவர் சுவீடன் நாட்டுப் பாசிச இயக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்தார் என்பது 1994-இல் வெளியாயிற்று. அவரும் வருந்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பழைய வால்வோ இதில் எதையும் சொல்லவில்லையே!

இன்னொரு வண்டியின் கதை இதனினும் விந்தை. உருகுவே நாட்டுக் குடியரசுத் தலைவராக 2010 முதல் 2015 வரை இருந்த ஹோசே முஹிகா, ஊதியத்தின் பெரும்பகுதியைக் கொடையாகக் கொடுத்துவிட்டு, 1987-ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் 'வண்டு' காரில் சென்றார். உழைப்பவரின் தலைவருக்கு ஏற்ற வண்டி என்று உலகம் மெச்சியது. அந்த 'வண்டு' எங்கே பிறந்தது? இட்லரின் ஆணையால் பிறந்தது. 1938-இல் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டி, வாரம் ஐந்து மார்க்கு வில்லை ஒட்டிச் சேமித்தால் ஆளுக்கொரு கார் என்று செருமானியத் தொழிலாளருக்கு ஆசை காட்டினர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேமித்தனர். போர் வந்தது, தொழிற்சாலை படைக்கு வண்டி செய்தது, சேமித்த தொழிலாளி ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. ஒரு வடிவம், ஒரு பெயர். சர்வாதிகாரியின் ஏமாற்றும் அதிலே, சனநாயகத் தலைவரின் எளிமையும் அதிலே. வண்டிக்குக் கொள்கை கிடையாது.

நம் நாட்டிலே 2021-ஆம் ஆண்டு ஒரே மனிதருக்கு இரண்டு ஊர்திகளால் இரண்டு தீர்ப்புகள் கிடைத்தன. ஏப்ரல் 6 அன்று நடிகர் விஜய் மிதிவண்டியில் சென்று வாக்களித்தார். பெட்ரோல் விலையைக் கண்டிக்கிறார் என்று பாதிப்பேர் பொருள் கூறினர். வாக்குச்சாவடி வீட்டருகே குறுகிய தெருவில் இருந்ததே காரணம் என்று அவர் தரப்பில் விளக்கினர். சூலையில், அவர் 2012-இல் இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் காரின் நுழைவு வரி வழக்கிலே, உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒரு இலட்சம் ரூபாய் அபராதம் விதித்து, திரையிலே மட்டும் வீரராக இருக்கலாகாது என்ற பொருள்படக் கடிந்துரைத்தார். 2022 சனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கடுமொழிகளை நீக்கியது. வரி செலுத்த வேண்டுமா என்பது கணக்கு வழக்கு. அதை நீதிமன்றம் தீர்க்கலாம், தீர்க்கவும் வேண்டும். வழக்குத் தொடுத்தவரின் குணம் என்ன என்பதை ஒரு காரின் விலையிலிருந்து வடித்தெடுக்க முடியாது என்பதையே மேல் அமர்வின் செயல் உணர்த்துவதாக நாம் கொள்கிறோம். சைக்கிளில் வந்தபோது புரட்சிக்காரர், ரோல்ஸ் ராய்சில் வந்தபோது வேறு ஆள்! நடுவே மூன்று திங்கள்தான்.

இதுவரை சொன்னது பெரிய மனிதர் கதை. அவர்களுக்கு வழக்கறிஞர் உண்டு, பத்திரிகை உண்டு. இந்தத் தீர்ப்பு யார் தலையில் கனமாக விழுகிறது என்பதே நம் கவலை. பரம்பரை நிலக்கிழார் மகன் கார் வாங்கினால் ஊர் வியப்பதில்லை, "அவர்களுக்கென்ன!" என்று போய்விடுகிறது. கூலி வேலை செய்தவர் மகன், படித்து வேலைக்குப் போய், தவணையில் ஒரு கார் வாங்கி ஊர் எல்லைக்குள் நுழைந்தால் கிளம்பும் முதற்கேள்வி: "இவனுக்கு ஏது பணம்?" யார் பல்லக்கேறலாம், யார் செருப்பணிந்து தெருவில் நடக்கலாம் என்று பிறப்பை வைத்து விதித்த சமுதாயமல்லவா இது! விதி ஏட்டிலிருந்து நீங்கிவிட்டது. விதித்த புத்தி இந்தக் கேள்வியின் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒரே காருக்கு ஒரு வீட்டில் பெருமை, மற்றொரு வீட்டில் சந்தேகம் என்றால், அளக்கப்படுவது கார் அன்று.

தெருவாரின் தீர்ப்பு இப்படியென்றால், அரசுகளின் தீர்ப்பு எப்படி? அங்கும் இதே கோல்தான். 1997-இல் மைய அரசு ஓர் ஏற்பாடு கொண்டு வந்தது. வீடு, கார், தொலைபேசி, வெளிநாட்டுப் பயணம் என்ற குறிகளில் இரண்டு இருந்தால் வருமான வரிக் கணக்குத் தர வேண்டும். மறு ஆண்டே குறிகள் ஆறாயின; அவற்றில் ஒன்று இருந்தாலே போதும் என்றாயிற்று. வருமானத்தைத் தேடிப் பிடிக்க இயலாத அரசு, வாசலைப் பார்த்து ஊகிக்க முனைந்தது. 2006-இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. வரி விதிக்க ஊகித்தபோது நேர்ந்த தொல்லை பெரிதன்று. ஒரு படிவம் நிரப்பும் வேலை, அவ்வளவே. உதவியை மறுக்க ஊகிக்கும்போதுதான் அடுப்பு அணைகிறது.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கிற்று. மாதம் ஆயிரம் ரூபாய். தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு இலட்சம் மகளிர் பயன்பெற்றனர். பெரிய திட்டம் என்பதில் ஐயமில்லை. இத்தனை பெரிய திட்டத்திற்கு வரையறை வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆண்டு வருமானம், நில அளவு, மின்சாரப் பயன்பாடு என்று வரையறுத்தனர். அவற்றோடு, சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், சீப்பு, டிராக்டர் முதலிய நான்கு சக்கர வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இல்லை என்றும் எழுதினர். இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டிலேதான் கார் இருக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஆதலால் கார் இல்லாதவர் ஏழை என்று கொள்வதில் தவறு மிகுதியில்லை போலத் தோன்றும். கார் இருப்பவர் அனைவரும் வசதியுடையவர் என்று அதனைத் திருப்பிப் போடுவதில்தான் தவறு.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். நாகமலை புதுக்கோட்டையிலோ, அதைப் போன்ற வேறோர் ஊரிலோ இருக்கட்டும். கணவன் காய்கறி வாங்கி ஊரூராய் விற்கிறவன். மூன்று கை மாறிய பழைய ஆம்னி வேன் ஒன்றை அறுபதாயிரத்துக்கோ எழுபதாயிரத்துக்கோ வாங்கியிருக்கிறான். வாடகை வண்டியாகப் பதிந்து மஞ்சள் பலகை மாட்டிக்கொள்ளச் செலவும் அலைச்சலும் அதிகம். ஆகவே வெள்ளைப் பலகையோடே ஓட்டுகிறான். ஏட்டின்படி அது சொந்தப் பயன்பாட்டு வண்டி. அவன் மனைவிக்கு ஆயிரம் ரூபாய் கிடையாது. அடுத்த வீட்டுக்காரர் ஒன்றரை இலட்சத்துக்கு விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம். அதற்குச் சக்கரம் இரண்டே, ஆகவே அது தடையன்று. வறுமையைச் சக்கரத்தை எண்ணிக் கணக்கிட்டால் கிட்டும் விடை இதுதான். அரசு மானியத்தில் நான்கு சக்கர வண்டி பெற்ற குடும்பத்து மகளிரும் விண்ணப்பிக்கலாம் என்று 2025 சூலையில் விதி தளர்த்தப்பட்டது. தளர்த்தியதே, வண்டி எப்படி வந்தது என்று கேளாமல் முடிவெடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டதாகும். மானியத்தில் வந்த வண்டிக்கு உள்ள நியாயம், கந்துவட்டியில் வந்த வண்டிக்கு இல்லாமற் போகுமா?

"அப்படியானால் ஆட்சிப் பொறுப்பில் இருப்பவன் எந்தக் காரில் வந்தாலும் கேட்கக் கூடாதா?" என்று ஒரு தோழர் வினவலாம். கேட்க வேண்டும்! ஆனால் கேட்க வேண்டிய இடம் வேறு. உச்ச நீதிமன்றம் 2002 மே 2 அன்றும், 2003 மார்ச்சு 13 அன்றும் அளித்த தீர்ப்புகளால், தேர்தலில் நிற்பவர் ஒவ்வொருவரும் தம் சொத்தையும் கடனையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தந்தாக வேண்டும். படிவம் 26 என்பது அதன் பெயர். வேட்பாளருடைய வண்டி எது, எந்த ஆண்டில் வாங்கியது, என்ன விலை என்பது அதில் உண்டு. துணைவரின் பெயரில் உள்ளதும் உண்டு. கடன் எவ்வளவு, ஐந்தாண்டு வருமானக் கணக்கு என்ன என்பதும் உண்டு. தேர்தல் ஆணையம் அதை எவரும் படிக்க வெளியிடுகிறது. ஐந்தாண்டு முன் கொடுத்ததையும் இப்போது கொடுத்ததையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தால், கார் சொல்லாததைக் காகிதம் சொல்லும். பத்திரத்தில் இல்லாத வண்டி ஒருவர் வாசலில் நாள்தோறும் நின்றால், அது யாருடையது, ஏன் நிற்கிறது என்று கேட்பதே அரசியல். "ஆகா, எவ்வளவு பெரிய வண்டி!" என்று வாய் பிளப்பதும், பொறாமையால் பல்லைக் கடிப்பதும் அரசியலாகா. மேடையில் எதிர்க்கட்சிக்காரரின் காரைப் பழிக்கும் நம் பேச்சாளருள் எத்தனை பேர் அவருடைய பத்திரத்தைப் படித்திருக்கிறார்கள் என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் வீட்டுக் குப்பையையும் சற்றுக் கிளறத்தான் வேண்டும். பொதுக்கூட்டத்திற்குப் பெரிய காரில் வந்து இறங்குபவருக்கு முன்வரிசை நாற்காலி, சால்வை, குளிர்பானம். இருபதாண்டு கொடிக்கம்பம் நட்டுச் சுவரொட்டி ஒட்டிய தோழர் டி.வி.எஸ். 50-இல் வருவார், அதை எங்கே நிறுத்துவது என்று கேட்டால், "அப்பால், அப்பால்!" என்று கைகாட்டுவோம். மதுரையில் பேருந்துத் தொழில் தொடங்கி வளர்ந்த ஒரு குடும்பத்தின் நிறுவனம், நடுத்தர மக்களுக்கென 1980-இல் கொண்டுவந்த சின்னஞ்சிறு வண்டி அது. நம் இயக்கத்தின் பாதி வேலை அதன்மீதுதான் நடந்திருக்கிறது! பதவி கோரி வருபவர் எத்தனை கார் அணிவகுப்போடு வந்தார் என்று எண்ணும் நிர்வாகி, கிளை உறுப்பினர் புத்தகத்தில் அவர் எத்தனை பேரைச் சேர்த்தார் என்று எண்ணுகிறாரா? சிவப்பு விளக்கை 2017 மே முதல் நாளோடு சட்டம் கழற்றியது. அணிவகுப்பைக் கழற்றச் சட்டம் வராது. நாமாகத்தான் கழற்ற வேண்டும்.

இனி எந்த நலத்திட்டத்துக்கு முகாம் போட்டாலும் கிளைத் தோழர்கள் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. வண்டியைக் காரணம் காட்டி விண்ணப்பம் தள்ளப்பட்ட வீடுகளைத் தெருத்தெருவாகக் கேட்டுப் பட்டியல் எடுங்கள். ஆர்.சி. புத்தகத்தின் படி, கடன் நிலுவைச் சீட்டு, வண்டியால் நடக்கும் தொழிலின் விவரம் ஆகியவற்றைச் சேர்த்து மேல்முறையீடு எழுதிக் கொடுங்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-இல், மறுப்புச் செய்தி கிடைத்த முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வழி வைத்திருந்தனர். அந்த முப்பது நாளும் கழிந்த பின்னரே பலருக்கு அப்படி ஒரு வழி இருப்பது தெரிய வந்தது. அடுத்த முறை முதல் வாரத்திலேயே அந்த வாசற்படிகளில் நம் தோழர்கள் நிற்கட்டும்.